குழலுக்கு அந்தப் பக்கம் யார்? பாண்ட் படத் தொடக்கம் பற்றிக் கேள்வி பதில்

ஊட்டியில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜேம்ஸ்பாண்ட் படம் தொடங்கியதும் வெள்ளைப் பொட்டு ஒன்று திரையில் இடமிருந்து வலமாக ஓடும். அது துப்பாக்கிக் குழலாகத் திறக்கும், ஒரு ஆள் நடந்து வந்து சட்டென்று நம் பக்கம் திரும்பிச் சுடுவார், மேலிருந்து ரத்தம் வழியும். அந்தத் துண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி வேறு எதையோ பற்றி.

ஒரு வேண்டுகோள். எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தியேட்டரிலா, டிவியிலா, யாரோ கோத்துப் போட்ட யூடியூப் தொகுப்பிலா? அது தெரியாமல் பதில் சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

குன்னூர், தேயிலை கம்பெனி ஊழியர்: முதல் படத்தில் நடந்து வருவது ஷான் கானரி இல்லை என்று என் மகன் பந்தயம் கட்டுகிறான். இல்லையா சார்?

பந்தயப் பணத்தை எடுத்து வையுங்கள். 1962இல் வந்த 'டாக்டர் நோ'வில் நடந்து வருபவர் பாப் சிம்மன்ஸ், சண்டைக் கலைஞர். அடுத்த இரண்டு படங்களிலும் அவரேதான். கானரி குழலுக்குள் வந்தது நான்காவது படமான 'தண்டர்பால்', 1965இல்.

ஏன் அப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசிகர்கள் சம்பளம், ஈகோ என்று கதை சொல்கிறார்கள். கேபினில் நின்றவனுக்குக் காரணம் லென்ஸில் தெரியும். முதல் மூன்று படங்களும் சாதாரண அகலம். 'தண்டர்பால்' ஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம். சாதாரண அகலத்தில் எடுத்ததை ஸ்கோப்பில் ஒட்ட முடியாது, அதனால் புதிதாக எடுத்தார்கள். எடுக்கிற எடுப்பில் கதாநாயகனையே நிறுத்திவிட்டார்கள். ரோஜர் மூர் விஷயமும் அப்படியே. 1973, 1974 இரண்டு படங்களும் சாதாரண அகலம். அவற்றில் தொப்பி இல்லாமல் கோட்டு சூட்டில் வந்து இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடிப்பார். 1977இல் 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' ஸ்கோப்புக்குத் திரும்பியது. அங்கே விருந்து உடையில், கால் பக்கம் அகண்ட பெல்பாட்டத்தோடு வேறு ஒரு மூர். அந்த ஒரே துண்டு 1985 வரை ஓடியது. லென்ஸ் மாறாமல் ஆள் மட்டும் முதலில் மாறிய இடம் என்றால் 1969இல் ஜார்ஜ் லேசன்பி. மண்டியிட்டுச் சுடும் ஒரே பாண்ட் அவர்தான். ரத்தம் வழியும்போது ஆளையே அழித்துவிடும், வெறும் சிவப்பு வட்டம்தான் மிஞ்சும். அந்தப் படத்தில் பொட்டு நடுவில் நின்று தயாரிப்பாளர் பெயர்களைக் காட்டிவிட்டுத்தான் மறுபடி நகரும்.

அடுத்த பந்தயத்துக்கு முன் மகனிடம் எந்தப் பிரதி என்று கேளுங்கள்.

கோத்தகிரி, ஆசிரியை: சின்ன வயதில் பார்த்தபோது அந்த வட்டம் முட்டை மாதிரி நீளமாக இருந்தது. அப்புறம் டிவியில் பார்த்தால் உருண்டை. மாற்றிவிட்டார்களா?

யாரும் மாற்றவில்லை மேடம். எங்கள் ஆள் லென்ஸை மாற்றவில்லை, அவ்வளவுதான். படத்துக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் ஓடும். அது சாதாரண அகலம். உடனே தொடரும் படம் ஸ்கோப் என்றால், பிரதியில் உருவம் பக்கவாட்டில் பாதியாக நெருக்கப்பட்டிருக்கும். ஸ்கோப் லென்ஸ்தான் அதை விரிக்கும். இடையில் லென்ஸைத் திருகி மாற்ற வேண்டும். கை கொஞ்சம் தாமதித்தால் முதல் சில விநாடி எல்லாம் ஒல்லியாக, உயரமாகத் தெரியும். மற்ற படங்களில் அந்த நேரத்தில் கம்பெனி பெயர் ஓடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பாண்ட் படத்தில் மட்டும் முதல் சில விநாடியே தங்கம். நீங்கள் பார்த்தது நிஜமான முட்டைதான்.

காந்தல்: துப்பாக்கிச் சத்தம் கேட்டது, ஆனால் சுடுவதையே காட்டவில்லை. சென்சார் வெட்டா?

சென்சாரைத் திட்டுவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, இதற்கு வேண்டாம். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 20 விநாடிக் காட்சி என்றால் 30 அடி. அந்த 30 அடி எங்கே இருக்கிறது? முதல் ரீலின் தலையில். ஃபிலிமில் அதிகம் அடிபடுவதும் அந்த இடம்தான். ஒவ்வொரு காட்சிக்கும் மாட்டும்போது விரல் படும், இழுபடும், ஓரத் துளை கிழியும். கிழிந்ததை வெட்டி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில பிரேம் போகும். ஒரு அடிக்கு 16 பிரேம். ஒரு அடி போனால் முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. பெரிய ஊர்களில் எல்லாம் ஓடித் தேய்ந்த பிறகுதான் பெட்டி மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறி எங்களிடம் வரும். அதற்குள் அந்த 30 அடியில் எத்தனை மிச்சம் என்பது பெட்டியைத் திறந்தால்தான் தெரியும்.

சத்தம் மட்டும் ஏன் தப்பியது? ஃபிலிமில் ஒலியும் படமும் ஒரே இடத்தில் அச்சாவதில்லை. ஒலி சுமார் 20 பிரேம் முன்னால் ஓடும். சுடும் படம் இருந்த துண்டு வெட்டுப்பட்டாலும் அதற்குரிய சத்தம் முந்தைய துண்டில் பத்திரமாக இருக்கும். சத்தம் வரும், ஆள் சுட மாட்டார். மலையில் பார்த்தவர்களின் "நான் கண்ணால் பார்த்தேன்" சாட்சியங்களில் பாதி இப்படி உருவானவை. அதனால்தான் எந்தப் பிரதி என்று நச்சரிக்கிறேன்.

ஊட்டி, கல்லூரி மாணவர்: யார் சிறந்த பாண்ட்?

அடுத்த கேள்வி.

கூடலூர்: நிஜத் துப்பாக்கியை வைத்தா எடுத்தார்கள்?

ஆமாம். வடிவமைத்தவர் மாரிஸ் பைண்டர். தயாரிப்பாளர்களைச் சந்திக்க 20 நிமிடமே இருந்ததாகவும், கையில் கிடைத்த விலை ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கர்களை வைத்தே அந்தப் பொட்டுகளை யோசித்ததாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். .38 துப்பாக்கியின் குழலுக்குள் கேமராவை நுழைத்துப் பார்த்தார். சாதாரண லென்ஸில் குழலின் முன்வாய் தெளிவாக இருந்தால் பின்வாய் மங்குகிறது. லென்ஸின் கண்ணை எவ்வளவு சுருக்கியும் போதவில்லை. கடைசியில் ஊசித்துளைக் கேமரா ஒன்றைச் செய்தார். முழுக் குழலும் பளிச்சென்று வந்தது. ஆளைத் தனியாக எடுத்து வட்டத்துக்குள் சேர்த்தார்கள்.

வெலிங்டன், முன்னாள் ராணுவத்தினர்: வணக்கம். இந்தக் காட்சியே அடிப்படையில் தவறு. தோட்டா போட்ட துப்பாக்கியின் குழல் வழியாக யாரும் எதிரியைப் பார்க்க முடியாது. போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகப் பார்ப்போம், அது குறியைச் சரிசெய்யத்தான். அந்த நிலையில் சுட முடியாது. ஆகவே பாண்டைக் குறிவைப்பது ஒரு செத்த துப்பாக்கி.

வணக்கம் ஐயா. இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் சொல்வது ராணுவத்தில் சரி. சினிமாவில் குழல் என்பது கொலைகாரனின் பார்வை. அவன் கண்ணில் நம்மை உட்கார வைக்கிறார் பைண்டர். அவன் இன்னும் சுடவில்லை, சுடப்போகிறான்.

அருவங்காடு, வெடிமருந்துத் தொழிற்சாலை ஓய்வு: ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் குழல் இல்லை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். உள்ளே சுழல் சுழலாகத் தெரிவது ரைஃப்ளிங். தோட்டாவைச் சுழற்றி நேராக அனுப்புவதற்காக வெட்டிய வரி. சிலர் அதைக் கேமராவின் ஷட்டர் என்கிறார்கள், சிரிப்பு வருகிறது.

ஷட்டர் கட்சிக்காரர்கள் கவனிக்கவும். கண்ணின் பாவை என்று சொல்லும் கட்சியும் உண்டு. தொழில் தெரிந்தவர் சொல்லிவிட்டார்.

கோத்தகிரி ஆசிரியை மீண்டும்: குழல் என்றால் ரத்தம் எப்படி உள்ளே வழியும்? ரத்தம் குழலுக்கா வரும்? கண்தான் சார்.

மேடம், இந்த வாதத்தில் பலமான அடி உங்களுடையதுதான். ரத்தத்தை மட்டும் பார்த்தால் கண். சுழல் வரியை மட்டும் பார்த்தால் குழல். பைண்டர் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துவிட்டார். அடிபட்ட பிறகு வட்டம் தள்ளாடிக் கீழே சரிவதைக் கவனியுங்கள். குழல் மட்டும் தள்ளாடாது. பிடித்திருந்த கை தளர்கிறது, ஆள் விழுகிறான். செத்தது கொலைகாரன், நாம் அவனுக்குள் இருந்தபடி சாகிறோம்.

வெலிங்டன்: அப்படியானால் அவன் யார்? பெயர் இல்லாதவனா?

2006 வரை பெயர் இல்லை. 'கேசினோ ராயல்' பெயர் கொடுத்தது. முன்கதை கருப்பு வெள்ளையில் ஓடும். குளியலறையில் பாண்ட் ஒருவனைத் தண்ணீரில் அழுத்திவிட்டுத் திரும்புகிறார். செத்துவிட்டதாக நினைத்த ஃபிஷர் துப்பாக்கியை எடுத்துக் குறிவைக்கிறான். பாண்ட் திரும்பிச் சுடுகிறார், அந்தக் கணமே குழலாகிறது. 44 வருடம் அந்தரத்தில் தொங்கிய காட்சிக்கு ஒரு கதை கிடைத்தது. என்னைக் கேட்டால் பைண்டருக்குப் பிறகு இந்தத் துண்டுக்கு நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். 2002இல் தோட்டாவே நம் முகத்துக்கு நேராகப் பறந்து வந்தது, அது வெறும் வேடிக்கை.

அருவங்காடு: கடைசிப் படத்தில் ரத்தமே இல்லையே?

2021இன் 'நோ டைம் டு டை'யில் பாண்ட் சுடுவார், ரத்தம் வழியாது, அவரே மங்கி மறைவார். படம் பார்க்காதவர்கள் இருப்பார்கள், முடிவைச் சொல்ல மாட்டேன். பார்த்தவர்களுக்கு இந்த முறை யார் சாகிறார் என்று புரிந்திருக்கும்.

வெலிங்டன்: ஆக, செத்த துப்பாக்கி என்பதை மறுக்கவில்லை.

மறுக்கவில்லை ஐயா. உங்களிடம் மறுக்கிற தைரியம் எனக்கு இல்லை.

மசினகுடி: கிரெய்க் படங்களில் ஏன் அதைக் கடைசியில் போட்டார்கள்?
ஊட்டி: டேனியல் கிரெய்க் படத்தில் துப்பாக்கிக் காட்சி கடைசியில் ஏன்?
குன்னூர்: அண்ணே, ஸ்கைஃபால்ல ஏன் கடைசில?

மூன்று பேருக்கும் சேர்த்து. 2008இலும் 2012இலும் கடைசியில். 'ஸ்கைஃபால்' இயக்குநர் சாம் மெண்டிஸ் காரணம் சொல்லியிருக்கிறார்: படத்தின் முதல் காட்சியிலேயே பாண்ட் ஒரு தாழ்வாரத்தில் நம்மை நோக்கி நடந்து வந்து துப்பாக்கியைத் தூக்குகிறார். அதற்கு முன்னால் குழலையும் வைத்தால் ஒரே காரியத்தை இரண்டு தடவை செய்தது போலாகும். 2015இல் மறுபடி முன்னால் வந்துவிட்டது.

ஊட்டி: அந்த இசை ஜான் பேரி போட்டதுதானே?

மெட்டு மாண்டி நார்மன். அதை நாம் கேட்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் பேரி. கிடார் விக் ஃப்ளிக். மெட்டு பேரியுடையது என்று எழுதிய லண்டன் சண்டே டைம்ஸ் மீது நார்மன் வழக்குப் போட்டு 2001இல் 30,000 பவுண்டு வாங்கினார். நமக்கு வேண்டிய சங்கதி வேறு. அந்த மெட்டை அவர் முதலில் போட்டது பாண்டுக்காக இல்லை. நய்பாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்க எண்ணிப் போட்டது. டிரினிடாடில் வாழும் இந்திய வம்சாவளி ஆள், பிறந்ததிலிருந்து தன்னைத் துரத்தும் ராசியில்லாத தும்மலைப் பற்றிப் பாடும் பாட்டு. நாடகம் நின்றுபோக, தும்மல் துப்பாக்கி ஆயிற்று. அடுத்த முறை கிளம்பும்போது வீட்டில் யாராவது தும்மினால் நின்று அந்த கிடாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி: பாண்ட் படம் ஊட்டியில் எடுத்தார்களா?

இல்லை. 1983இன் 'ஆக்டோபஸி' உதய்பூர். நம்ம விஜய் அமிர்தராஜ் அதில் உண்டு.

குந்தா: ஜெய்சங்கர் படங்களில் இந்த மாதிரி தொடக்கம் உண்டா?

தென்னகத்து ஜேம்ஸ்பாண்டுக்குத் தனி வாரம் வேண்டும். பழைய பாட்டுப் புத்தகம் சேர்க்கிறவர்களிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

குன்னூர்: யூடியூபில் எல்லாக் குழலையும் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அதில் கானரி...

எந்தப் பிரதி? யார் நிறம் திருத்தியது? அகலம் வெட்டாமல் இருக்கிறதா? இதற்கு விடை தெரிந்தால் மறுபடி எழுதுங்கள்.

மஞ்சூர்: சார், மூரா கானரியா?

உங்களுக்கு முன் ஒருவர் கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறார். மேலே பாருங்கள்.

கொடைக்கானல், கல்லூரி விழாக் குழு: எங்கள் விழாவுக்கு இப்படி ஒரு தொடக்கம் எடுக்க ஆசை. எங்களிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது.

அது போதும் தம்பி. செல்போனில் படம் பதியும் சில்லு சின்னது, அதனால் பைண்டருக்கு வந்த மங்கல் தொல்லை உங்களுக்கு அவ்வளவு வராது. ஒரு முழ நீளத்துக்கு பிவிசி பைப் எடுங்கள். உள்ளே கருப்புச் சாயம் பூசி, மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றி ஒட்டுங்கள், அதுதான் உங்கள் ரைஃப்ளிங். மறுமுனையில் வெள்ளைத்தாளை ஒட்டி வெளியிலிருந்து விளக்கு அடித்து எடுங்கள். நடிக்கிற பையனைத் தனியாக வெள்ளைச் சுவர் முன்னால், கேமராவைத் தூரத்தில் வைத்து எடுத்து, வட்டத்துக்குள் சேருங்கள். அவன் நேராக நடக்கட்டும், திரும்புவது ஒரே அசைவாக இருக்கட்டும். பாதிப் பையன்கள் திரும்பிவிட்டுச் சிரிப்பார்கள், அதற்காக நிறைய எடுங்கள். கையில் பொம்மைத் துப்பாக்கி மட்டும், அதையும் பஸ் ஸ்டாண்டு பக்கம் கொண்டுபோகாதீர்கள். எடுத்து முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்த அகலத்தில் எடுத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.