'மிஸ் முறைக்கிறாங்க' என்று அழும் மகளுக்கு மூளை ஸ்கேன் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. நான்கு மாதமாகப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்கிறாள். "மிஸ் என்னையே முறைக்கிறாங்க" என்று அழுகிறாள். ஆசையாக ஆடிய கேரம் போர்டைத் தொடுவதே இல்லை. பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து இருப்பதாக டாக்டர் சொன்னார். மூளையில் ஏதாவது கோளாறா? ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதற்கு ஸ்கேன் தேவையில்லை அம்மா. வலிப்பு, பார்வை மங்கல், வாந்தியோடு தலைவலி என்று வேறு ஏதாவது இருந்தால் டாக்டரே எடுக்கச் சொல்வார். பதற்றத்தையோ மனச்சோர்வையோ ஸ்கேனில் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் மூளையில் என்ன நடக்கிறது என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அது புரிந்துவிட்டால் அவளிடம் பேசும் விதமே மாறும்.

இதுபோன்ற குழந்தைகளிடம் நான் சில முகப் படங்களைக் காட்டுவேன். அதில் ஒரு பெண் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை, சும்மா பார்க்கிறார். பதற்றமுள்ள குழந்தைகள் பலர் அந்தப் படத்தில் வந்து நிற்பார்கள். "கோபமா இருக்காங்க" என்பார்கள். ஒரு பையன் படத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அந்த முகம் அப்படித்தான் தெரிந்தது.

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. 2001-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், பயந்த முகங்களைக் காட்டி, குழந்தைகளின் மூளையில் ரத்த ஓட்டம் மாறுவதை எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்தார்கள். பதற்றமுள்ள குழந்தைகளுக்கு அமிக்டலா மற்றவர்களைவிட அதிகமாகத் துள்ளியது. மனச்சோர்வு உள்ள சிறுமிகளுக்கோ அது மந்தமாக இருந்தது. மிகச் சிறிய ஆய்வுதான். பின்னால் வந்தவை எல்லாம் ஒரே மாதிரி முடிவு சொல்லவும் இல்லை. தவிர, இவை குழுக்களின் சராசரிகள். ஒரு குழந்தையின் ஸ்கேனை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மனச்சோர்வில் இன்னொன்றும் நடக்கிறது. பரிசு, பாராட்டு, விளையாட்டில் ஜெயிப்பது போன்றவற்றுக்குத் துள்ள வேண்டிய பகுதிகள் மனச்சோர்வுள்ள வளரிளம் பருவத்தினருக்குக் குறைவாகத் துள்ளுவதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. கேரம் போர்டு மூலையில் கிடப்பதை சோம்பேறித்தனம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். காயைக் குழியில் தள்ளினால் வரும் அந்தச் சந்தோஷமே இப்போது அவளுக்கு வருவதில்லை. "என்ன வாங்கிக் கொடுத்தாலும் முகம் மலர மாட்டேங்குது" என்று பெற்றோர் வருந்துவதும் இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில், அந்த ஆசிரியர் உண்மையிலேயே கடுமையாக நடக்கிறாரா, வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா என்று விசாரியுங்கள். மூளை, பதற்றம் என்று பேசிக்கொண்டே நிஜமான கொடுமையைத் தவறவிடக் கூடாது.

அப்படி எதுவும் இல்லையென்றாலும், "மிஸ் ஒண்ணும் முறைக்கல, சும்மா அழாதே" என்று வெட்டிவிடாதீர்கள். "மிஸ் முகத்தைப் பார்த்ததும் பயமா இருந்துச்சா?" என்று கேளுங்கள். உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே அமிக்டலாவின் துள்ளல் குறைவதைப் பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்புறம், "வேற எதுக்காவது மிஸ் அப்படி இருந்திருப்பாங்களோ?" என்று சேர்ந்து யோசியுங்கள். அவசரப்படும் அமிக்டலாவை நிதானப்படுத்துவது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. அது முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டும். அதுவரை அந்த வேலையில் பாதியை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் முகத்தையும் அவள் படித்துக்கொண்டேதான் இருக்கிறாள். வேலை முடிந்து சோர்ந்து வரும்போது, "அம்மாவுக்குத் தலைவலி, உன்மேல கோபம் இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அழுகிறாளே என்று தினமும் லீவு போட வைத்தால் பயம்தான் வளரும். பள்ளியில் பேசி, முதலில் இரண்டு பீரியடு, பிறகு அரை நாள், பிறகு முழு நாள் என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. சிகிச்சை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பதற்றமுள்ள 488 குழந்தைகளிடம் நடந்த, 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 12 வாரத்தில் சி.பி.டி. மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள். பதற்றத்தைக் குறைக்கும் செர்ட்ராலின் மாத்திரை மட்டும் என்றால் 55, இரண்டும் சேர்த்தால் 81, மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கு 24. ஆகவே மாத்திரை எழுதினால் பயப்படாதீர்கள். ஆனால் தொடங்கிய முதல் சில வாரங்கள் கூடவே இருந்து கவனியுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

"நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்ற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அவளைத் தனியாக விடாமல், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.