வாசகர் கேள்வி – பதில்: நம்ம ஊர்ச் செலவு, நம்ம ஊர்ப் பேரு

கேள்வி: போன முறை 488 யூனிட், கரண்ட் பில் 1,729 ரூபாய். இந்த முறை 512 யூனிட்தான் ஓடியிருக்கிறது, 2,140 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். 24 யூனிட்டுக்கு 411 ரூபாயா? மீட்டரில் கோளாறா?
– வாசகி, தாம்பரம்

பதில்: மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. 500-ஐத் தாண்டியதுதான் காரணம். 2024 ஜூலையில் அமலான வீட்டுக் கட்டணத்தில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். இரண்டு மாத மொத்தம் 500-க்குள் இருந்தால் 101–200 வரை யூனிட்டுக்கு 2.35, 201–400 வரை 4.70, அடுத்த 100-க்கு 6.30 ரூபாய். 500-க்கு மேல் ஒரே ஒரு யூனிட் போனாலும் அந்த 2.35 சலுகை பறிபோய், 101-லிருந்தே 4.70 போடுவார்கள். அதிலேயே 235 ரூபாய் போச்சு. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501-க்கு 2,048 ரூபாய் 40 காசு. அதாவது அந்த 501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு!

ஆகவே பார்க்க வேண்டியது தேதியை. வெள்ளை அட்டையில் கடைசி ரீடிங் எழுதிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 45-வது நாள் மீட்டர் பட்டனை அழுத்தி, 'கேடபிள்யூஎச்' (kWh, அதாவது யூனிட்) என்று வரும் எண்ணை மட்டும் எடுத்துப் பழைய எண்ணைக் கழியுங்கள். (அடுத்தடுத்து வரும் மற்ற எண்களைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் நிறைய.) 375-க்கு மேல் இருந்தால் இதே வேகத்தில் 500 தாண்டும். மிச்சமிருக்கும் 15 நாளில் ஏசியையும் கீசரையும் பிடித்து நிறுத்தினால் போதும். கணக்கெடுக்க வருபவர் நாலைந்து நாள் தாமதித்தாலும் அந்த நாட்களின் யூனிட்டும் உங்கள் தலையில்தான் ஏறும். எல்லையை ஒட்டி இருப்பவர்கள் 480-ஐயே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

நிரந்தர வழி வேண்டுமானால் மின்விசிறியில் கை வையுங்கள். பழைய 75 வாட் விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 'பிஎல்டிசி' (BLDC) மோட்டார் வைத்த 30 வாட் விசிறிக்கு 22 கூட ஆகாது. இரண்டை மாற்றினால் உங்கள் 512, 447 ஆகும். பில் 1,471 ரூபாய். ஒன்று 3,000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஆனால் இந்த லாபம் கோடையில் 500-ஐத் தொடும் வீடுகளுக்குத்தான். 250 யூனிட் ஓடும் வீட்டில் பழைய விசிறி கெடும்வரை ஓடட்டும்.

கேள்வி: எங்களுடையது சர்க்கரை கார்டு. பருப்பும் பாமாயிலும் கிடையாதா?
– வாசகர், நாமக்கல்

பதில்: உண்டு. அட்டையில் 'என்பிஎச்எச்-எஸ்' என்றிருந்தால் அரிசி மட்டும்தான் இல்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பில் போட்டதும் செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைக் கடையிலேயே நின்று படியுங்கள். வாங்காத பொருள் அதில் இருந்தால் 1967-க்குப் புகார் சொல்லலாம்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்குக் காஞ்சிப் பட்டு எடுக்கப் போகிறோம். சில்க் மார்க் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?
– வாசகி, திருக்கோவிலூர்

பதில்: கண்ணைத் திறந்தே வாங்குங்கள். அந்த அட்டை, நூல் அசல் பட்டு என்பதற்கு மட்டும்தான் சான்று. ஜரிகையைப் பற்றியோ, காஞ்சியில் நெய்ததா என்பதைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது. ஏமாற்று பெரும்பாலும் ஜரிகையில்தான். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. உள்பக்கம் ஓரத்தில் மெல்லச் சுரண்டினால் சிவப்பு நூல் தெரியும் என்பார்கள். வெள்ளை நூல் வந்தால் சந்தேகமே வேண்டாம், போலி. சிவப்பு வந்ததாலேயே அசல் என்று முடிவு கட்டாதீர்கள். போலி ஜரிகைக்கும் நூலில் சாயம் ஏற்ற முடியும். விலை அதிகமென்றால், நகைக்கடையில் தங்கம் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் ஜரிகையைக் காட்டி வெள்ளி, தங்க விகிதம் பாருங்கள். பில்லில் 'அசல் ஜரிகை' என்று எழுதித் தரக் கடைக்காரர் தயங்கினால், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடியும். உருகிக் குண்டுமணியாய் இறுகினால் பாலியஸ்டர். இது நூலுக்கான சோதனை, ஜரிகைக்கு உதவாது.

கேள்வி: கோவில்பட்டி கடலை மிட்டாய் மாதிரி வீட்டில் செய்தால் பல்லில் ஒட்டுகிறது. ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: பாகு பதம் போதவில்லை. 250 கிராம் நிலக்கடலையைச் சிறு தீயில் வறுத்துத் தோல் நீக்கி, இரண்டாக உடையுங்கள். 200 கிராம் வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து உருட்டித் தட்டில் போட்டால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். கடித்தால் மடங்காமல் உடைய வேண்டும். உருண்டை அமுங்கினால் இன்னும் ஓரிரு நிமிடம். அதைத் தாண்டினால் கசக்கும். அடுப்பை அணைத்துக் கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூட்டிலேயே கீறிவிடுங்கள். ஆறினால் கத்தி இறங்காது. உப்புக் கரிக்கும் வெல்லம் வேண்டாம். ஆறியதும் டப்பாவில் அடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் மறுநாளே பிசுபிசுக்கும்.

கடையில் வாங்குவதென்றால்: 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த மிட்டாய் இது. பாக்கெட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் ஊர்ப் பேரை விட்டுவிட்டு, பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் தயாரிப்பாளர் முகவரியைப் படியுங்கள்.