ஜீனுக்கு பேடன்ட் – கடிதமும் பதிலும்

சார் வணக்கம்,

மனுஷ ஜீனுக்கு யாரும் பேடன்ட் வாங்கக் கூடாதுன்னு நீங்க எழுதினதுல எனக்கு உடன்பாடு இல்ல. கோடிக்கணக்குல கொட்டி ஒருத்தன் கண்டுபிடிப்பான், மத்தவங்க நோகாம எடுத்துப்பாங்களா? நோவார்ட்டிஸ் கேஸ்லயும் இப்படித்தான் எல்லாரும் கை தட்டினீங்க. அப்புறம், என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்ல ஒரு மாற்றம் இருக்கு, ஆனா அதுக்கு அர்த்தம் தெரியலன்னு வந்திருக்கு. பேடன்ட் இல்லாததாலதான் இப்படி அரைகுறை டெஸ்ட்டா வருதோ?

கே., வேளச்சேரி

அன்புள்ள கே.,

நோவார்ட்டிஸ தனியா வைங்க, அது அந்த மருந்து கம்பெனியோட கிளிவெக்ங்கற ரத்தப் புற்றுநோய் மருந்து பத்தின கேஸ். பழைய மூலக்கூறோட புது படிக வடிவத்துக்கு பேடன்ட் உண்டாங்கறதுதான் அங்க சண்டை, நம்ம சென்னை பேடன்ட் ஆபீஸ் 2006ல முடியாதுன்னுச்சு, 2013 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. மருந்துக்கு பேடன்டே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா அங்க சுத்திப் போக வழி இருக்கு. கிளிவெக் விக்கற அதே ரத்தப் புற்றுநோய்க்கு தாசாடினிப்னு வேற கம்பெனி வேற மருந்து கொண்டு வந்துச்சு. ஆனா பிராக்கா-1னு (BRCA1) ஒரு ஜீன், அதுல கோளாறு வந்தா மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடும், அதுக்கு மாத்து கெடையாதுங்க. அத யாரோ ஒருத்தர் புடிச்சு வச்சுகிட்டா எல்லாரும் அவர் வாசல்லதான் நிக்கணும்.

கோடி கொட்டினது யாருன்னும் பாத்துடுவோம். பிராக்கா-1 17வது குரோமோசோம்ல இருக்குன்னு 1990ல காமிச்சது மேரி-கிளேர் கிங், பெர்க்லி பல்கலைக்கழகத்துல இருந்தவங்க. அப்புறம் பல குழுக்கள் போட்டி போட்டு ஓடி, 1994ல அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துல மார்க் ஸ்கோல்னிக் குழு ஜீன புடிச்சது, அவர் சேந்து ஆரம்பிச்ச மிரியட் ஜெனிடிக்ஸ் பேடன்ட் வாங்குச்சு, அந்த வேலைல அமெரிக்க அரசோட விஞ்ஞானிகளும் உண்டு. அதே மாதிரி இன்னொரு ஜீனான பிராக்கா-2வ 1995ல வெளியிட்டது பிரிட்டன்ல மைக் ஸ்ட்ராட்டன் குழு. மிரியட் இல்லேன்னா இதெல்லாம் இருட்டுலயே கெடந்திருக்கும்னு என்னால நம்ப முடியல.

மிரியட் கையில பேடன்ட் இருந்தப்போ அமெரிக்கால இந்த ஜீன் டெஸ்ட் 3000 டாலருக்கு மேல போச்சு, சந்தேகம்னா இன்னொரு லேப்ல சரிபாக்கவும் வழியில்ல. 2013 ஜூன் 13 அன்னைக்கு அந்த ஊர் சுப்ரீம் கோர்ட்ல ஒம்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல, இயற்கைல இருக்கற டிஎன்ஏவ பிரிச்சு எடுத்தா மட்டும் அது உங்க கண்டுபிடிப்பு ஆயிடாதுன்னாங்க. அன்னைக்கே வேற லேப்கள் நாங்களும் பண்றோம்னு கெளம்பிட்டாங்க. லேப்ல செய்யற சிடிஎன்ஏவுக்கு (ஜீனோட புரதம் செய்யற பகுதிகள மட்டும் வச்சு உண்டாக்கற நகல்) பேடன்ட் உண்டுன்னும் அதே தீர்ப்பு சொல்லுது, அத ஜீன் பேடன்ட் கூடாதுங்கற நம்ம பக்கத்து ஆளுங்க வசதியா மறந்துடுவாங்க.

இப்ப அத்தை விஷயம். அந்த ரிப்போர்ட்டுக்குக் காரணம் நீங்க சொல்றதுக்கு கிட்டத்தட்ட நேரெதிர். ஒரு மாற்றம் ஆபத்தா இல்லையான்னு தெரியணும்னா அதே மாற்றம் இருக்கற நிறைய குடும்பங்களோட தகவல ஒண்ணா வச்சுப் பாக்கணும். மிரியட் வருஷக்கணக்கா கிட்டத்தட்ட தனி ஆளா டெஸ்ட் பண்ணி அப்படி ஒரு குவியலையே சேத்துச்சு, 2000க்கு அப்புறம் ஒரு கட்டத்துல பொது டேட்டாபேஸுக்கு குடுக்கறத நிறுத்திடுச்சு. கோர்ட் பேடன்ட புடுங்குச்சு, அந்தத் தகவல் பெட்டி அவங்ககிட்டயே இருந்துச்சு. எனக்கு பேடன்ட விட இதுதான் பெரிய அநியாயமா படுது, பேடன்ட்டாவது 20 வருஷத்துல செத்துடும், தொழில் ரகசியத்துக்கு தேதியே கெடையாது. பொதுவுல இருக்கற டேட்டாலயும் ஐரோப்பிய வம்சாவளிக்காரங்கதான் ஜாஸ்தி, அதனால நம்மாளுங்களுக்கு 'அர்த்தம் தெரியல'ன்னு வர்றது அதிகம்.

அந்த ஒரு வரிய மட்டும் வச்சு ஆபரேஷன்னு எதுவும் முடிவு பண்ண வேணாம்னு அத்தைகிட்ட சொல்லுங்க, டாக்டர் குடும்ப ஹிஸ்டரியையும் சேத்துதான் பாப்பார், ஜெனிடிக் கவுன்சிலர் இருந்தா அவர்கிட்டயும் ஒரு தடவ உக்காந்து பேசட்டும். லேப்ல ரெண்டு கேள்வி கேளுங்க: இந்த மாற்றத்த பேர் இல்லாம கிளின்வார் பொது டேட்டாபேஸ்ல ஏத்துவீங்களா, பின்னால அர்த்தம் தெரிஞ்சா எங்களுக்கு சொல்லுவீங்களா? ரெண்டாவதுக்கு முழிச்சாங்கன்னா எழுத்துல பதில் கேளுங்க.