உப்புத்தாளில் தேய்த்தால் தெரியுமா ஒரிஜினல் மாணிக்கம்?

கேள்வி: என் கணவருக்கு ஜாதகப்படி மாணிக்க மோதிரம் போடச் சொன்னார்கள். சவுக்கார்பேட்டையில் ஒரு கடையில் நாலரை காரட் கல், நல்ல ரத்தச் சிவப்பு, மொத்தமே ஒன்பதாயிரம் என்றார்கள். கடைக்காரர் கல்லால் கண்ணாடியில் கீறிக் காட்டினார். அப்புறம் உப்புத்தாளில் தேய்த்து, "பாருங்கம்மா, ஒரு கோடு விழல. டூப்ளிகேட்னா இந்நேரம் மங்கிப்போயிருக்கும்" என்றார். ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். வாங்கலாமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஆயிரத்தோடு நிறுத்தினீர்களே, நல்லது. லேப் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை மீதியைக் கொடுக்காதீர்கள்.

கண்ணாடியைக் கீறுவது பெரிய வித்தை இல்லை. மோஸ் கடினத்தன்மை அளவில் கண்ணாடி ஐந்தரைதான். மணலில் கிடக்கும் குவார்ட்ஸ் 7, அதுவே கீறிவிடும். மாணிக்கம் 9. உப்புத்தாள் சோதனை இன்னும் வேடிக்கை. மாணிக்கம், நீலக்கல், கனக புஷ்பராகம் மூன்றும் குருந்தம் என்ற ஒரே கனிமம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். நிறமும் தெளிவும் இல்லாவிட்டால் அதே பொருள் தூளாகி எமரித் தாளில் ஒட்டிக்கொள்கிறது. ஆக, உங்கள் கடைக்காரர் குருந்தத்தைக் குருந்தத்தின் மேலேயே தேய்த்துக் காட்டியிருக்கலாம். அந்தத் தாள் பெயின்டர்கள் வைத்திருக்கும் கறுப்பு வாட்டர் பேப்பராக இருந்தால் அதில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு. அது மாணிக்கத்தைவிடக் கடினம், அழுத்தித் தேய்த்தால் நிஜக் கல்லிலேயே கீறல் விழும். வாங்கப்போகிற கல்லை யாரையும் தேய்க்க விடாதீர்கள்.

சரி, சோதனையில் கல் தப்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்தது அதன் கடினம் மட்டும்தான். ஆய்வகத்தில் செய்த மாணிக்கமும் இதே சோதனையில் தேறும். பிரான்சில் வெர்னாய் என்பவர் 1902-இல் அறிவித்த முறையில், அலுமினியம் ஆக்சைடு தூளைச் சுடர் வழியாகச் சொட்டவிட்டு உருக்கி வளர்க்கிறார்கள். கைக்கடிகாரத்துக்குள் 'ஜுவல்' என்று இருக்கிறதே, அதுவும் இந்த வகைதான். போலி என்றும் சொல்ல முடியாது, பொருள் அதே பொருள். ஆனால் மிக மலிவு. இயற்கைக் கல் விலைக்கு அதை விற்றால்தான் மோசடி.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகம் சந்தேகம் வருவது கண்ணாடி நிரப்பிய கல் மேல். வெடிப்பு நிறைந்த, தரம் குறைந்த மாணிக்கத்தில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி இறக்கிவிடுவார்கள். வெடிப்பு மறைந்து கல் பளிச்சென்று ஆகிவிடும். பத்து மடங்கு லென்ஸை வைத்து, கல்லை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வெடிப்பு ஓடும் இடத்தில் ஒரு நீல மினுக்கு வந்து மறையும், உள்ளே சப்பையான காற்றுக் குமிழிகள் தெரியும். உருக்கி வளர்த்த கல்லில் இவை இருக்காது, வளைவான மெல்லிய கோடுகள் இருக்கும். பூமியில் விளைந்த கல்லில் கோடுகள் நேராகவோ கோணமாகவோதான் போகும்.

கண்ணாடி நிரப்பிய கல்லை மோதிரத்தில் வைத்துவிட்டால் தலைவலி அப்புறம்தான் ஆரம்பிக்கும். அளவு சரிசெய்ய ஆசாரி டார்ச் சுடரைக் காட்டினாலோ ஆசிட்டில் போட்டாலோ கண்ணாடி அரித்து, மூடிய வெடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெளியே வரும். எலுமிச்சைச் சாறு பட்டாலே போதும். சூடாக்கி நிறம் கூட்டிய கல் வேறு. சந்தையில் பெரும்பாலான மாணிக்கங்கள் அப்படித்தான், சொல்லி விற்றால் தப்பில்லை. சூடே படாத, நிறம் நன்றாக உள்ள நாலரை காரட் மாணிக்கம் என்றால் லட்சங்களில் பேசுவார்கள், ஒன்பதாயிரத்தில் அல்ல.

ஜாதகம் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் 'நேச்சுரல் ரூபி' என்ற பெரிய எழுத்தோடு நிறுத்தாதீர்கள். கீழே 'காமெண்ட்ஸ்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், சூடாக்கியதா, கண்ணாடி நிரப்பியதா என்பது அங்கேதான் ஒளிந்திருக்கும். பில்லில் கல்லின் பெயர், காரட் எடை, இயற்கையா செயற்கையா, என்ன ட்ரீட்மென்ட் என்று எழுதி வாங்குங்கள். எடையை ரத்தியில் சொன்னால் காரட்டில் கேளுங்கள். ஒரு காரட் 0.2 கிராம், ரத்தி கடைக்குக் கடை மாறும். எழுதித் தர மறுத்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: ஹால்மார்க் போட்ட நீலக்கல் மோதிரம் வாங்கினேன். ஹால்மார்க் இருந்தால் கல்லும் ஒரிஜினல்தானே?
– ராயபுரம்

பதில்: இல்லை. ஹால்மார்க்கும் ஆறு எழுத்து எச்.யூ.ஐ.டி. என்ற அடையாள எண்ணும் தங்கத்தின் தரத்துக்கு மட்டும். கல்லுக்குத் தனி ரிப்போர்ட் வேண்டும். பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாக இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். கல்லின் எடைக்கும் தங்க விலை போட்டுவிடும் வழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது.

கேள்வி: வியாசர்பாடியில் சின்ன லேத் பட்டறை. டூல் பிட், கத்தி சாணை பிடிக்க 'நல்ல கல்' என்று பச்சைக் கல் கொடுத்தார்கள். பிரவுன் கல்லைவிட விலை அதிகம், ஆனால் சீக்கிரம் தேய்கிறது. டூப்ளிகேட்டா?

பதில்: டூப்ளிகேட்டாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் வேலைக்கு ஆகாத கல்லைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். பச்சை என்பது சிலிக்கான் கார்பைடு, டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த டூல் தீட்டத்தான் அது. இரும்போடு சூட்டில் வினைபுரிந்து பச்சைக் கல்லின் துகள் முனைகள் மழுங்கிவிடும். எஃகுக்குக் குருந்தம்தான் சரி, அதாவது அலுமினியம் ஆக்சைடு. சாதாரண வேலைக்கு பிரவுன், எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு வெள்ளை. லேபிளில் 'ஏ' என்றால் பிரவுன், 'டபிள்யூ ஏ' வெள்ளை, 'ஜி சி' பச்சை. சாணைக்கல் ஆலையைத் திருவொற்றியூரிலேயே வைத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்காரர் இப்படி ஏமாறுவதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்த கல் வாங்கும்போது துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல், திருப்பிக் கொடுங்கள். லேபிளில் உள்ள ஆர்.பி.எம். உங்கள் மெஷினுடையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. லேபிள் கிழிந்த கல்லைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் மெஷினில் மாட்டாதீர்கள். உடைந்தால் எதிரே நிற்கிறவர் முகத்துக்குத்தான் வரும்.