இசபெல், எலிசபெத் இரண்டும் ஒரே பெயரா?

ஒரே பெயர்தான். வேர் எபிரேயத்தின் எலிஷேவா, பைபிளில் மோசேயின் அண்ணன் ஆரோனின் மனைவி பெயர். தமிழ் பைபிளில் எலிசபாள் என்று வருவது அதுவே. கிரேக்கம் அதை எலிசபெத் ஆக்கியது; யோவான் ஸ்நானகனின் தாய் நமக்கு எலிசபெத்து ஆனது அந்த வழியில்தான். 'எல்' என்றால் கடவுள். பிற்பகுதிக்கு 'ஆணை' (சபதம்) என்பது பரவலான விளக்கம், 'ஏழு' என்போரும் உண்டு.

உருவம் மாறியது தென்மேற்கு ஐரோப்பாவில். முன்னால் நின்ற 'எல்' உதிர்ந்தது (ஸ்பானியத்தில் ஆங்கில 'the' போல வரும் 'எல்' என்ற சுட்டுச்சொல் என்று மக்கள் நினைத்திருக்கலாம்), ஸ்பானியச் சொல்லின் கடைசியில் ஒட்டாத 'த்' போய் 'ல்' வந்தது: இசபெல். ஸ்பானியக் கத்தோலிக்க பைபிள்கள் பலவற்றில் யோவானின் தாயே இசபெல்தான். ஹங்கேரிப் புனிதை எலிசபெத்தின் (1207–1231) பெயரை இட்ட உறவுக்காரக் குழந்தை, பின்னாளில் போர்ச்சுகலின் 'புனித அரசி இசபெல்' (1271–1336). பிரான்ஸின் எலிசபெத் தெ வலுவா 1559-இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பை மணந்ததும் ஸ்பானிய ஏடுகளில் இசபெல் ஆகிவிட்டார்.

குழப்பம் மொழிபெயர்ப்பில்தான் வரும். ஸ்பானியச் செய்தியில் 'இசபெல் 2' என்றிருந்தால் அது 2022-இல் மறைந்த பிரிட்டன் அரசியாக இருக்கலாம். 1833 முதல் 1868 வரை ஸ்பெயினை ஆண்டவராகவும் இருக்கலாம். ஆண்டைப் பார்க்காமல் எழுதக் கூடாது. மாட்ரிட்டுக்குத் தண்ணீர் தரும் 'கனால் தெ இசபெல் 2' நிறுவனம் ஸ்பெயின் அரசியின் பெயரில் உள்ளது. அதை எலிசபெத் கால்வாய் என்று எழுதினால் கதை லண்டனுக்குப் போய்விடும்!

இடைக்கால இங்கிலாந்து ஆவணங்களில் ஒரே பெண்ணே ஓரிடத்தில் இசபெல், வேறிடத்தில் எலிசபெத். லத்தீன் ஞானஸ்நானப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுகிறவர்கள் இரண்டையும் தேட வேண்டும். ஆனால் இன்று ஒரே வீட்டில் அக்கா எலிசபெத், தங்கை இசபெல் என்று இருந்தால் வியப்பில்லை. பேசுவோருக்கு அவை தனித்தனிப் பெயர்கள்.

மற்ற உருவங்கள்: போலிஷ் எல்ஷ்பியெத்தா, ரஷ்ய யெலிசவேத்தா, ஸ்காட்லாந்து எல்ஸ்பெத், ஃபின்னிஷ் லீசா, ஜெர்மன் எல்சா, இல்சே, லீசல். செக் மொழியில் அல்ஷ்பியெத்தா, எலிஷ்கா இரண்டும் உண்டு: பிரிட்டன் அரசி முன்னது, புனித ரோமப் பேரரசர் நான்காம் கார்லின் தாய் பின்னது. ஆங்கிலத்தில் பெட்டி, பெஸ், லிபி, எலைசா எல்லாம் இதன் சுருக்கங்களே.

ஆலிஸை இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். அது ஜெர்மானிய அடெல்ஹைடிலிருந்து வந்தது. பைபிளில் வரும் அரசன் ஆகாபின் மனைவி யேசபேலும் ஒலியில் மட்டுமே இசபெல்லுக்கு உறவு.