கிராண்ட் ஜூரி கதவு யாருக்காக மூடியிருக்கிறது?

தம்பி, லூயிவில் வந்து மூன்று மாதம் என்கிறீர்கள். "போலீஸ் சுட்ட வழக்கில் கிராண்ட் ஜூரிக்குள் நடந்ததை யாருமே சொல்வதில்லையே, மூடி மறைக்கத்தானா? தெருவில் இறங்கிக் கத்தி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கே 19 வருடமாக இருக்கிறேன். குடியுரிமை வாங்கிய பிறகு ஒருமுறை கிராண்ட் ஜூரியிலும் உட்கார்ந்தேன். உள்ளே கேட்டதை வீட்டில்கூட இன்றுவரை சொன்னதில்லை. அதனால் பொதுவில் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

நம்மூரில் குற்றப்பத்திரிகையைப் போலீஸே தாக்கல் செய்யும். நம் லூயிவில் இருக்கும் கென்டக்கி மாநிலத்தில் பெரிய குற்றம் என்றால் பொதுமக்களில் 12 பேர் உட்கார்ந்து கேட்பார்கள், அதுதான் கிராண்ட் ஜூரி. 9 பேர் ஒப்புக்கொண்டால் வழக்கு விசாரணைக்குப் போகும். அந்த அறையில் நீதிபதி இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை. எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது, எந்தச் சட்டப்பிரிவை முன்வைப்பது என்பதெல்லாம் அரசு வழக்கறிஞர் கையில். சாட்சி பயமில்லாமல் பேசவும், குற்றம் சாட்டப்படாதவர் பெயர் கெடாமல் இருக்கவும்தான் ரகசியம். அது வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் 2020-ல் இந்த ஊரில் நடந்ததைக் கேளுங்கள். மார்ச் 13 நள்ளிரவு தாண்டி, சோதனை வாரண்டோடு போலீஸ் பிரியானா டெய்லர் என்ற பெண்ணின் வீட்டுக் கதவை உடைத்தது. யாரோ அத்துமீறி நுழைகிறார்கள் என்று நினைத்து அவருடைய காதலர் ஒருமுறை சுட்டார். போலீஸ் தரப்பிலிருந்து 32 தோட்டாக்கள். ஆம்புலன்ஸில் உயிர் காக்கும் வேலை பார்த்திருந்த 26 வயது பிரியானா தன் வீட்டுக்குள்ளேயே செத்துப்போனார். செப்டம்பர் 23 அன்று வந்த ஒரே குற்றச்சாட்டு, ஒரு போலீஸ்காரரின் தோட்டா பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்து அங்கிருந்தவர்களுக்கு ஆபத்து விளைவித்தது என்பது. பிரியானாவின் சாவுக்கு யார் மீதும் இல்லை. சுட்ட மற்ற இரண்டு போலீஸ்காரர்கள் செய்தது நியாயமே என்று கிராண்ட் ஜூரி ஒப்புக்கொண்டதாக, வழக்கை நடத்திய மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர் (அட்டர்னி ஜெனரல்) டேனியல் கேமரன் சொன்னார்.

அந்த 12 பேரில் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. பேச அனுமதி கேட்டு, பெயர் வெளியிடாமல் நீதிமன்றம் போனார். கேமரன் எதிர்த்தார். அக்டோபர் 20 அன்று நீதிபதி அனுமதி கொடுத்தார். கொலைப் பிரிவுகளை எங்கள் முன் வைக்கவே இல்லை என்றார் அந்த ஜூரர். எனக்கு வயிறு எரிந்தது. கேமரன் தான் எடுத்த முடிவை அந்த 12 பேர் தலையில் கட்டிவிட்டு, ரகசியத்தைக் காட்டி அவர்கள் வாயையும் அடைப்பது என்ன நியாயம்?

தெருவில் கத்தியதால் என்ன ஆனது என்றால், கதவைத் தட்டாமல் நுழையும் வாரண்டுக்கு நகராட்சி மன்றம் அந்த ஜூனிலேயே தடை போட்டது. ஊர் நடுவில் இருக்கும் ஜெஃபர்சன் ஸ்கொயர் பூங்காவில் ஜனங்கள் மாதக்கணக்கில் விலகாமல் நின்றார்கள். கிராண்ட் ஜூரி ஒலிப்பதிவு சுமார் 15 மணி நேரம் வெளியே வந்தது. ஜூரர்கள் தங்களுக்குள் விவாதித்தது அதில் இல்லை, இருக்கவும் கூடாது. பக்கத்து வீட்டுக்குள் சுட்ட வழக்கில் மாநில நீதிமன்றத்தில் விடுதலையான அதே போலீஸ்காரரை, பிரியானாவின் உரிமையை மீறியதற்காக 2024-ல் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்ற ஜூரி குற்றவாளி என்றது. அடுத்த வருடம் 33 மாதச் சிறை.

அழுத்தம் ஜூரர் வீட்டு வாசலுக்குப் போகக்கூடாது. கேமரன் ஓட்டு வாங்கி அந்தப் பதவிக்கு வந்தவர். அவரிடம் ஜனங்கள் கேட்டார்கள், அதில் தப்பில்லை.

இன்னொன்று தம்பி: ஓட்டுநர் உரிமம் எடுத்திருந்தால் ஜூரி அழைப்பு உங்களுக்கும் வரலாம். குப்பையில் போடாமல், குடிமகன் இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.