மிளகு சிப்ஸுக்கு மார்க் போடறது எப்படி?

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் உக்காந்து மிளகு உருளைக்கிழங்கு சிப்ஸ், மிளகாய் டோர்ட்டில்லா சிப்ஸ்னு வரிசையா ருசி பார்த்து மார்க் போட்டோம். மூணாவது பாக்கெட்டுலயே எல்லாம் ஒரே மாதிரி தெரியுது, ஏன்?

பதில்: தப்பு நாக்குல இல்லீங்க, வரிசைல இருக்கு. மிளகுக்கு காரம் தர்றது பைப்பரின்ங்கற பொருள், மிளகாய்க்கு கேப்சைசின், ரெண்டும் சூட்டை உணர்ற அதே நரம்பைத்தான் சீண்டுது, அதனால காரமானதை முதல்ல தின்னுட்டா அடுத்து எது வந்தாலும் சப்புன்னுதான் இருக்கும். கம்மி காரத்துல ஆரம்பிங்க. நடுநடுவுல பால் ஒரு மடக்கு குடிங்க, அதுல இருக்கற கேசின்ங்கற புரதம் காரத்தைப் பிடிச்சு இழுத்துட்டு போயிடும், தண்ணிக்கு அது கரையாது.

டோர்ட்டில்லாவை தனியா வச்சு மார்க் போடுங்க. மக்காச்சோளத்தை சுண்ணாம்புத் தண்ணில வேகவச்சு அரைக்கறதால அதுக்குன்னு ஒரு வாசனை உண்டு, மெல்லிசு உருளைக்கிழங்கோட அதை ஒப்பிடறது நியாயமே இல்ல.

இன்னொண்ணு, மசாலா அடியில இறங்கிடும், பாக்கெட்டை லேசா குலுக்கிட்டு நடுவுலேர்ந்து எடுங்க. கருப்பு துகள் கண்ணுக்கு தெரியணும், பிரிச்ச உடனே மிளகு வாசம் மூக்குல ஏறணும், கடிச்சதும் கிழங்கு ருசி முதல்ல வந்து அப்புறமா தொண்டைல காரம் மெதுவா எழும்பணும், அந்த மாதிரி சிப்ஸுக்கு நான் யோசிக்காம பத்துக்கு ஒன்பது போடுவேன்!